மறைந்துறையும் ஊன் – ஜெலட்டின் வரலாறும் விரத நெறியும்

சைவ நெறியில் விரதத்திற்குத் தனிச்சிறப்பு உண்டு. உடலை ஒடுக்கி, உள்ளத்தை ஒருமுகப்படுத்தி, இறைவன் திருவடியை நாடுவதற்குரிய வழியாக ஆன்றோர் அதனை வகுத்தனர். தைப்பூசம், பங்குனி உத்திரம், கந்த சஷ்டி, புரட்டாசி சனிக்கிழமை என ஆண்டு முழுவதும் வரும் புனித நாள்களில் புலால் நீக்குதல் அவ்விரதத்தின் முதற்படியாகும். திருக்குறளின் 26ஆம் அதிகாரம் ‘புலால் மறுத்தல்’ என்னும் பெயரிலேயே அமைந்துள்ளது. திருமூலரின் திருமந்திரத்திலும் அதே தலைப்பில் ஒரு பகுதி உண்டு. வடலூர் வள்ளலார் ஜீவகாருண்யத்தையே வழிபாடாகக் கொண்டார்.

பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசத் திருவிழா நடைபெற்று வருகிறது. அக்காலத்தில் காவடி நேர்ந்துகொண்ட தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு விரத உணவைப் பற்றி ஐயம் எழ வாய்ப்பே இருக்கவில்லை. அரிசி, பருப்பு, தேங்காய், தோட்டத்துக் காய்கறி, பசும்பால், வெல்லம் ஆகியவை அனைத்தும் கண்ணால் கண்டு கையால் ஆய்ந்து அடுப்பில் ஏற்றப்பட்டவை. இன்றோ பேரங்காடியில் அடுக்கப்பட்டுள்ள பொட்டல உணவுகளில் என்ன கலந்துள்ளது என்பதைக் கண்ணும் நாவும் அறிய இயலாது. இறைச்சியின் மணமும் சுவையும் நிறமும் இல்லாமலேயே விலங்கின் உடற்கூறு ஒன்று அவற்றில் கலந்திருக்கக்கூடும். அப்பொருள்களுள் மிகப் பரவலானது ஜெலட்டின் ஆகும். அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இனிப்பாக மாறியது, எங்கெங்கு மறைந்துறைகிறது என்பதை அறிந்துகொள்வது விரதம் காக்கும் அன்பர்களுக்குப் பயன் தரும்.

எலும்பிலிருந்து எழுந்த பொருள்

விலங்குகளின் தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் கொலாஜன் என்னும் புரதம் நிறைந்துள்ளது. அவற்றை நீரில் நெடுநேரம் காய்ச்சினால் அப்புரதம் கரைந்து, ஆறியதும் கூழாக உறையும். இதனை மனிதர் மிகப் பழங்காலம் தொட்டே அறிந்திருந்தனர். நம் தச்சர்கள் மரத்தோடு மரத்தை ஒட்டுவதற்குக் காய்ச்சிய வச்சிரம் என்னும் பசையும் விலங்கின் தோலிலிருந்து பெறப்பட்டதே. ஜெலட்டினும் வச்சிரமும் ஒரே வயிற்றில் பிறந்த உடன்பிறப்புகள். தூய்மைப்படுத்தியது உணவாகவும், தூய்மைப்படுத்தாதது பசையாகவும் பெயர் பெற்றன.

இப்பொருளை அறிவியல் முறையில் பிரித்தெடுக்க வழிகண்டவர்களுள் முன்னோடி, பிரான்சு நாட்டில் பிறந்து இலண்டனில் ஆய்வு நடத்திய டெனி பப்பான் ஆவார். அவர் 1679ஆம் ஆண்டில் ஆவியழுத்தக் கலம் ஒன்றை உருவாக்கினார். இன்றைய பிரஷர் குக்கரின் மூதாதை அதுவே. இறுக மூடிய அக்கலத்தில் கடினமான எலும்பும் மென்மையாகி, அதன் சாரம் நீரில் இறங்கியது. எறியப்படும் எலும்பிலிருந்தும் உணவு பெறலாம் என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது.

தற்காலத் தொழிற்சாலைகளில் கையாளப்படும் முறையும் அடிப்படையில் வேறுபட்டதன்று. பன்றித் தோலை அமிலத்தில் ஊறவைக்கின்றனர். மாட்டுத் தோலைச் சுண்ணாம்பு நீரில் பல வாரங்கள் ஊறவைக்கின்றனர். எலும்பாயின், கொழுப்பை நீக்கிய பின்னர் அமிலத்திலிட்டுச் சுண்ணச் சத்தை அகற்றுகின்றனர். அதன் பின் வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, வற்றக் காய்ச்சி, உலர்த்திப் பொடியாக்குகின்றனர். இறுதியில் கிடைப்பது நிறமும் மணமும் ஏறக்குறைய அற்ற ஒரு பொடி. உலகில் உற்பத்தியாகும் ஜெலட்டினில் மிகப் பெரும்பகுதி பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்தே வருகிறது. மீனிலிருந்து பெறப்படுவது சிறு பங்கே.

ஏழையர்க்கு இடப்பட்ட உணவு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிசு மாநகரில் வறுமை மிகுந்திருந்தது. வேதியியலாளர் தார்செ என்பவர் எலும்பிலிருந்து ஜெலட்டினைப் பெருமளவில் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தார். இறைச்சி வாங்க இயலாத ஏழையர்க்கும் மருத்துவமனை நோயாளர்க்கும் அதனைக் கஞ்சியாக வழங்கினால் ஊட்டம் கிடைக்கும் என நம்பப்பட்டது. அந்நம்பிக்கையை ஆராயப் பிரெஞ்சு அறிவியல் கழகம் குழு ஒன்றை அமைத்தது. உடலியல் அறிஞர் மஜாந்தி தலைமையிலான அக்குழு 1841ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. ஜெலட்டினை மட்டும் உண்டு உயிர் வாழ இயலாது என்பதே அதன் முடிவு.

அம்முடிவிற்கான காரணம் பின்னாளில் விளங்கியது. உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலம் ஜெலட்டினில் இல்லை. ஆதலால் புரதமாயினும் அது நிறைவற்ற புரதமே. இன்றைய உணவுப்பண்டங்களிலும் ஜெலட்டின் பெரும்பாலும் ஊட்டத்திற்காகச் சேர்க்கப்படுவதில்லை. குழைவுக்காகவும் மினுமினுப்புக்காகவும் வாயிலிட்டதும் கரையும் தன்மைக்காகவுமே சேர்க்கப்படுகிறது. அதனை விலக்குவதால் உடலுக்கு நேரும் இழப்பு ஏதுமில்லை.

பசை இனிப்பாக மாறிய வரலாறு

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பசைத் தொழிற்சாலை நடத்திவந்தவர் பீட்டர் கூப்பர். நீராவி இரயில் இயந்திரம் ஒன்றை அமைத்துப் புகழ்பெற்ற அவரே, 1845ஆம் ஆண்டில் எளிதில் கரையும் ஜெலட்டின் பொடிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அப்பொடி மக்களிடையே உடனடியாகப் பரவவில்லை.

பத்துமலையில் தைப்பூசம் தொடங்கிய அதே பத்தாண்டில், 1897ஆம் ஆண்டு, நியூயார்க் மாநிலத்து லீராய் என்னும் சிற்றூரில் பேர்ல் வெயிட் என்பவர் ஜெலட்டினோடு சர்க்கரையும் பழச்சுவையும் வண்ணமும் கலந்தார். அவர் மனைவி மே, அதற்கு ஜெல்லோ எனப் பெயரிட்டார். விற்கும் வழி அறியாத வெயிட், 1899ஆம் ஆண்டில் அதன் உரிமையை அவ்வூராரான பிராங்க் உட்வர்ட் என்பவருக்கு 450 டாலருக்கு விற்றுவிட்டார். உட்வர்டின் விளம்பரத் திறத்தால் அச்சரக்கு அமெரிக்க இல்லங்கள்தோறும் புகுந்தது. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாய்க் குலுங்கும் கூழை உண்ட குழந்தைகளுக்கு அதன் பிறப்பிடம் தோலும் எலும்பும் என்பது தெரிந்திருக்கவில்லை. பண்டத்தின் மேல் பழத்தின் படமே இருந்தது.

மார்ஷ்மெலோ என்னும் மென்மிட்டாயின் வரலாறு இன்னும் வியப்புக்குரியது. அப்பெயர் சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு செடியைக் குறிப்பது. முற்காலத்தில் அச்செடியின் வேர்ச்சாற்றிலிருந்தே அவ்வினிப்பு செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர்ச்சாறு மறைந்து ஜெலட்டின் அவ்விடத்தைப் பிடித்தது. பெயர் மட்டும் மூலிகையினுடையதாகவே நிலைத்துவிட்டது. 1920ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பான் நகரில் ஹான்ஸ் ரீகல் தொடங்கிய நிறுவனம், 1922ஆம் ஆண்டில் கரடி வடிவ மிட்டாயை வெளியிட்டது. இழுத்தால் நீளும் அத்தகைய மென்மிட்டாய்கள் பெரும்பாலும் ஜெலட்டினாலேயே இன்று உருப்பெறுகின்றன.

மருந்துத் துறையிலும் இப்பொருள் முன்பே புகுந்திருந்தது. 1834ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மோத், டியூப்லாங்க் ஆகிய இருவர் கசப்பு மருந்தை மறைத்து விழுங்குவதற்கான ஜெலட்டின் உறைக்குக் காப்புரிமை பெற்றனர். இன்று மீனெண்ணெய், உயிர்ச்சத்து முதலியவை அடைக்கப்படும் கேப்சூல்களின் தொடக்கம் அதுவே.

எங்கெங்கு மறைந்துறைகிறது?

மென்மிட்டாய், மார்ஷ்மெலோ, உடனடி ஜெல்லிப் பொடி ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கலாம் என்பதைப் பலர் அறிவர். பலர் அறியாதவை வேறு. சிலவகைத் தயிர், குறைந்த கொழுப்புள்ள ரொட்டிப் பூச்சு, ஐஸ்கிரீம், கேக்கின் மேலிடும் பாலேட்டுக் குழைவு, அடுக்குக் கேக்கின் நடுவிலுள்ள பழக்கூழ், மெல்லும் மாத்திரைகள் ஆகியவற்றிலும் அது சேர்க்கப்படுவதுண்டு. பழச்சாற்றைத் தெளிவாக்கவும் சில ஆலைகளில் அது பயன்படுகிறது. வண்டலோடு அது வடிகட்டப்பட்டுவிடுவதால், உள்ளடக்கப் பட்டியலில் அதன் பெயர் இடம்பெறாமலும் போகலாம்.

ஜெலட்டின் எத்துணைப் பரவலாகிவிட்டது என்பதை 1996ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று புலப்படுத்தியது. அவ்வாண்டு மார்ச் மாதம், மாடுகளைத் தாக்கிய மூளைநோய் காரணமாகப் பிரிட்டனின் மாட்டிறைச்சி ஏற்றுமதியை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. இறைச்சியோடு ஜெலட்டினும் மாட்டுக்கொழுப்பும் அத்தடையில் அடங்கின. மிட்டாயிலும் மாத்திரையிலும் மாட்டின் கூறு உண்டு என்பதை அப்போதுதான் பலர் முதன்முதலாக உணர்ந்தனர்.

மறைந்துறையும் பொருள் சமய உணர்வை எவ்வளவு ஆழமாகத் தொடும் என்பதற்குப் பிறிதொரு நிகழ்வும் சான்றாகும். மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தாவர எண்ணெயையே பயன்படுத்துவதாக 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிவித்தது. அவ்வறிவிப்பை நம்பி இந்துக்களும் சைவ உணவினரும் அதனை உண்டுவந்தனர். சுவைக்காக அதில் மாட்டிறைச்சிச் சாரம் சேர்க்கப்பட்டது தெரியவந்தபோது, 2001ஆம் ஆண்டில் வழக்குத் தொடரப்பட்டது. 2002ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்து, இந்து அமைப்புகள், சைவ உணவு அமைப்புகள் முதலியவற்றுக்கு ஒரு கோடி டாலர் வழங்க இசைந்தது. எண்ணெய் தாவர எண்ணெய் என்ற சொல்லில் பிழையில்லை. சொல்லாமல் விடப்பட்டதே வேதனைக்குக் காரணமாயிற்று.

முத்திரைகள் சொல்வதும் சொல்லாததும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் இந்துக்கள் ஒரு செய்தியைத் தெளிவாக மனத்திற்கொள்ள வேண்டும். இங்கு விற்கப்படும் பண்டங்கள் பலவற்றில் ஹலால் முத்திரை உள்ளது. மலேசியாவில் ஜாக்கிம் அமைப்பும், சிங்கப்பூரில் 1978ஆம் ஆண்டு முதல் முயிஸ் அமைப்பும் அதனை வழங்கிவருகின்றன. இஸ்லாமிய அன்பர்களின் நெறிக்கு உகந்தது என்பதற்கு அம்முத்திரை உரிய சான்று. அதில் பன்றியின் கூறு இராது. ஆனால் இஸ்லாமிய முறைப்படி அறுக்கப்பட்ட மாட்டின் ஜெலட்டின் ஹலால் ஆகும். ஆகவே ஹலால் முத்திரையைக் கண்டு, ‘இது எல்லாருக்கும் ஏற்றது’ எனக் கருதி மென்மிட்டாயைக் குழந்தைக்குக் கொடுக்கும் இந்துத் தாய், தாம் தெய்வமாகப் போற்றும் பசுவினத்தின் கூற்றையே அறியாமல் கொடுத்தவர் ஆகலாம். இது முத்திரையின் குறையன்று. அது பிறிதொரு நெறியின் வினாவிற்கு விடை கூறுகிறது. நம் நெறியின் வினாவிற்கு விடையை நாமே தேடிப் படிக்க வேண்டும்.

மலேசியாவின் சட்டம் அதற்குத் துணை செய்கிறது. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள், ஓர் உணவில் மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ அவற்றிலிருந்து பெறப்பட்ட பொருளோ பன்றிக்கொழுப்போ இருப்பின் அதனை உறையின் மேல் தெரிவிக்க வேண்டும் என விதிக்கின்றன. சமையல் எண்ணெயோ கொழுப்போ சேர்ந்திருப்பின், அது எந்த விலங்கினுடையது அல்லது எந்தத் தாவரத்தினுடையது என்றும் குறிக்க வேண்டும். எனவே ‘ஜெலட்டின் லெம்பு’ என்றிருந்தால் மாட்டினுடையது. ‘இக்கான்’ என்றிருந்தால் மீனினுடையது. ‘ஹைவான்’ என்பது விலங்கையும் ‘தும்புஹான்’ என்பது தாவரத்தையும் குறிக்கும். சிங்கப்பூரில் உள்ளடக்கப் பட்டியல் ஆங்கிலத்தில் அமைந்திருக்கும். ஜெலட்டின் என்று மட்டும் எழுதி, எதனுடையது எனக் குறிக்காதிருந்தால், அதனை விலங்கினுடையதாகவே கொள்வது பாதுகாப்பான வழி.

சேர்மப் பொருள்களுக்கு உரிய எண்களை மட்டும் தேடுவோர் இதில் ஏமாறக்கூடும். ஐரோப்பிய நாடுகளில் ஜெலட்டின் சேர்மப்பொருளாக அன்றி உணவுப்பொருளாகவே கருதப்படுகிறது. ஆதலால் அங்கிருந்து வரும் பண்டங்களில் அது எண்ணால் அன்றிப் பெயராலேயே குறிக்கப்படும்.

இந்தியாவிலிருந்து வரும் பண்டங்களில் இப்பணி எளிதாகிறது. 2001ஆம் ஆண்டில் அந்நாடு, சைவ உணவுக்குப் பச்சைச் சதுரத்தினுள் பச்சை வட்டம், அசைவ உணவுக்குப் பழுப்பு நிற வட்டம் என்னும் குறியீடுகளைக் கட்டாயமாக்கியது. பின்னர் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி அசைவக் குறி பழுப்பு முக்கோணமாக மாற்றப்பட்டது. நிறம் பிரித்தறிய இயலாதவர்க்கும் வடிவத்தால் வேறுபாடு விளங்குகிறது. பாலும் தேனும் பச்சைக் குறியினுள் அடங்கும், முட்டை அடங்காது.

கடல் தந்த மாற்று

ஜெலட்டினுக்கு மாற்றுத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அது இம்மண்ணின் சமையலறையிலேயே உள்ளது. அகார் அகார் என்னும் பெயரே மலாய் மொழி உலகிற்கு வழங்கிய சொல். கடலில் வளரும் பாசிவகைகளைக் காய்ச்சி எடுக்கப்படும் இதில் விலங்கின் கூறு சிறிதும் இல்லை. ஜப்பானில் பதினேழாம் நூற்றாண்டில், சத்திரக்காரர் ஒருவர் வெளியே கொட்டிய பாசிக்கூழ் குளிர்கால இரவில் உறைந்து பகலில் உலர்ந்து கிடந்ததைக் கண்டு, அதனை உலர்த்திச் சேமிக்கும் முறையை அறிந்தார் எனச் செய்தி வழங்குகிறது. தமிழகத்தில் இதனைக் கடற்பாசி என்பர். மன்னார் வளைகுடாப் பகுதியில், இராமேசுவரத்தை ஒட்டிய ஊர்களில், மீனவப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி சேகரித்து வருகின்றனர்.

வெம்மையான நாட்டிற்கு அகார் அகாரே ஏற்றது. ஜெலட்டின் கூழ் உடலின் வெப்பத்திலேயே இளகிவிடும். அகார் அகார் உறைந்த பின்னர், 85 பாகை செல்சியசு அளவு வெப்பம் ஏறினாலன்றி உருகாது. இவ்வியல்பு அறிவியல் வரலாற்றையே மாற்றியது. ஜெர்மனியில் இராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸ, கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்க்க முயன்றார். கோடை வெப்பத்தில் அது இளகியது. சில கிருமிகள் அதனைக் கரைத்தும் விட்டன. அவர் மனைவி பேனி ஹெஸ்ஸ, தம் வீட்டுக் கூழ் வெயிலிலும் இளகாததன் காரணத்தைக் கூறினார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சு அண்டைவீட்டார் அவருக்கு அகார் அகாரைக் கற்பித்திருந்தனர். 1881ஆம் ஆண்டில் அம்மாற்றம் நிகழ்ந்தது. மறு ஆண்டு காக் வெளியிட்ட காசநோய்க் கிருமி ஆய்விலும் அகார் இடம்பெற்றது. இன்றளவும் உலகெங்கும் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் கிருமிகள் அதன் மேலேயே வளர்க்கப்படுகின்றன. இத்தீவுகளின் அடுக்களைப் பொருள் ஒன்று உலக மருத்துவத்திற்குத் தொண்டு செய்தது போற்றத்தக்கது.

பழத்தோலிலிருந்து பெறப்படும் பெக்டின், கடற்பாசியின் மற்றொரு வகையிலிருந்து பெறப்படும் காரஜீனன், மரவள்ளிக்கிழங்கு மாவு, ஜவ்வரிசி ஆகியனவும் சைவ மாற்றுகளே. பெக்டினால் செய்த மென்மிட்டாய்களும், தாவரச் செல்லுலோசால் செய்த கேப்சூல்களும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன.

இல்லத்திலும் ஆலயத்திலும்

விரதத்திற்கு முன் இல்லத்து அலமாரியிலுள்ள பொட்டலங்களை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்த்தல் நன்று. குழந்தைகளும் அப்பணியில் பங்கு கொள்ளலாம். படிக்கத் தெரிந்த சிறுவனுக்கு உள்ளடக்கப் பட்டியலைக் காட்டிச் சொற்களை இனங்காணப் பழக்கினால், அவனே வீட்டின் காவலன் ஆவான். பள்ளியில் நண்பர் தரும் மிட்டாயைப் பணிவோடு மறுக்கவும் அவனுக்குக் காரணம் தெரிந்திருக்கும்.

ஆலயத்தில் பொறுப்பு மேலும் பெரிது. பிறந்தநாள் வேண்டுதலாகவும் நேர்த்திக்கடனாகவும் அன்பர்கள் கொண்டுவந்து வழங்கும் மிட்டாய்ப் பொட்டலங்கள், தயிர்க் கிண்ணங்கள், கேக்குகள் ஆகியவை சந்நிதியில் படைக்கப்பட்டுப் பிரசாதமாகப் பலர் கைக்குச் செல்கின்றன. கொடுப்பவர் மனத்தில் பக்தி மட்டுமே உள்ளது. பெறுபவரோ ஆலயத்தில் கிடைத்தது தூயது என்னும் முழு நம்பிக்கையோடு உண்கிறார். அந்நம்பிக்கையைக் காப்பது அடியார் அனைவரின் கடமை. கடையில் வாங்கிய மிட்டாய்க்கு மாற்றாகக் கற்கண்டு, உலர்திராட்சை, வாழைப்பழம், சுண்டல், வீட்டில் காய்ச்சிய அகார் அகார் ஆகியவற்றை வழங்கலாம். செலவும் குறையும், ஐயமும் தீரும்.

மருந்தைப் பொறுத்தவரை ஒரு வரம்பு தேவை. மருத்துவர் கொடுத்த கேப்சூலை ஜெலட்டின் உறை என்பதற்காகத் தாமே நிறுத்திவிடுதல் தகாது. அம்மருந்து மாத்திரையாகவோ தாவர உறையிலோ கிடைக்குமா என மருத்துவரையும் மருந்தாளரையும் கேட்டறிய வேண்டும். உடல் இறைவன் உறையும் ஆலயம். அதனைக் காப்பதும் அறமே.

அறியாது உண்டவர் வருந்தி மனம் கலங்க வேண்டியதில்லை. அடியாரின் உள்ளத்தை அறிந்தவன் ஆண்டவன். ஆயினும் அறிந்த பின்னர் விழிப்போடு இருத்தல் பக்திக்கு அழகு. அன்று அரிசியில் கல் பொறுக்கிய கைகள் இன்று பொட்டலத்தின் எழுத்தைப் படிக்கும் கண்களாக வேண்டும். அவ்வொரு நிமிடப் பொறுமையும் விரதத்தின் பகுதியே ஆகும்.

உயிர்களிடத்துக் கருணையும் உணவில் தூய்மையும் இல்லந்தோறும் ஓங்கி, அன்பர்கள் மேற்கொள்ளும் விரதங்கள் யாவும் இனிதே நிறைவுற எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.